உச்சிப்புளி வட்டாரம்

உச்சிப்புளி தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊராட்சி ஒன்றியப் பகுதியில் உள்ள ஓர் ஊர் ஆகும். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும், இராமநாதபுரத்திற்கும் மண்டபத்திற்கும் ஏறத்தாழ நடுவில் இவ்வூர் அமைந்துள்ளது. இதனைச் சுற்றிலும் நாகாச்சி, என்மனங்கொண்டான், இருமேனி, பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை, நொச்சியூரணி, இரட்டையூரணி, கும்பரம், பெருங்குளம், தாமரைக்குளம், புதுமடம் முதலிய சிற்றூர்கள் உள்ளன. இக்கட்டுரையில் இச்சிற்றூர்கள் அனைத்தும் சேர்த்து உச்சிப்புளி வட்டாரம் எனக் குறிக்கப்படுகின்றன.

இருபுறமும் கடல் சூழ்ந்த மணற்பாங்கான நிலமாக இருந்தும், தென்னை, பனை, மல்லிகை நாற்று ஆகியவற்றால் உழவுத்தொழில் நிலைத்த பகுதி இது. மணலின் அடியில் தேங்கியிருக்கும் மழைநீரே இதற்கு அடிப்படை. அந்நீர் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்தால்தான் இவ்வட்டாரத்தின் புவியியலும் வரலாறும் இன்றைய சிக்கல்களும் விளங்கும்.

அமைவிடம்

தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரை வரைபடத்தைப் பார்த்தால், இராமநாதபுரத்திற்குக் கிழக்கே நிலம் ஒரு விரல்போல் கடலுக்குள் நீண்டிருப்பதைக் காணலாம். கிழக்கே செல்லச்செல்ல அகலம் குறைந்துகொண்டே போகும் இந்நிலம் மண்டபத்தை அடுத்த தோணித்துறையில் முடிகிறது. அதற்கு அப்பால் பாம்பன் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் இராமேசுவரம் தீவு. இந்த விரலின் நடுப்பகுதியே உச்சிப்புளி வட்டாரம்.

வடக்கே பாக் நீரிணைப் பகுதியைச் சேர்ந்த பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர் மக்கள் இவற்றை முறையே வடகடல் என்றும் தென்கடல் என்றும் அழைக்கின்றனர். பிரப்பன்வலசையும் அரியமான் கடற்கரையும் வடகடல் பக்கம் உள்ளன. புதுமடம், வேதாளை ஆகியன தென்கடல் பக்கம் உள்ளன. வடகடல் ஆழம் குறைந்தது. தென்கடலில் கரையை ஒட்டிப் பவளப்பாறைகளும் தீவுகளும் வரிசையாக அமைந்துள்ளன. முயல் தீவு, மனோலி, குருசடை முதலிய தீவுகள் மண்டபத்தை அடுத்துள்ளவை.

காற்றின் திசை மாறும்போது இரு கடல்களின் இயல்பும் மாறும். ஐப்பசி முதல் தை வரை வீசும் வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்றிலும் சோழகக் காற்றிலும் நிலைமை தலைகீழாகும். மீனவர்கள் இதற்கேற்பத் தொழில் செய்யும் கரையை மாற்றிக்கொள்வதுண்டு. உழவர்களும் தோட்டத்தைச் சுற்றிப் பனையையும் சவுக்கையும் வேலியாக வளர்த்து, உப்புக்காற்றையும் பறக்கும் மணலையும் தடுப்பர்.

ஊர்ப்பெயர்கள்

இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களின் பின்னொட்டுகளைத் தொகுத்துப் பார்ப்பது பயனுள்ளது. அவை பெரும்பாலும் நிலத்தையும் நீரையும் மக்கள் குடியேற்றத்தையும் குறிப்பவை.

வலசை: பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை. வலசை என்ற சொல்லுக்கு ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்து செல்லுதல் என்பது பொருள். பறவைகள் வலசை போவதாகச் சொல்வதும் இச்சொல்லே. போர், பஞ்சம் போன்றவற்றால் பெயர்ந்து வந்தவர்கள் அமைத்த குடியிருப்புகள் இப்பெயர் பெற்றன. இராமநாதபுரம் கடலோரத்தில் வலசை என முடியும் ஊர்கள் பலவாக இருப்பது, இது குடிபெயர்ந்து வந்தோர் நிறைந்த நிலம் என்பதைக் காட்டுகிறது.

ஊரணி: நொச்சியூரணி, இரட்டையூரணி. ஊரணி என்பது ஊராருக்குக் குடிநீர் தரும் குளம். ஊரணியில் கால்நடைகளை இறக்காமலும் துணி துவைக்காமலும் காப்பது பழைய வழக்கம். குடிநீர்க் குளத்தின் பெயரே ஊரின் பெயராக நிலைத்திருப்பது, இங்கு நல்ல தண்ணீர் எவ்வளவு மதிப்புடையதாக இருந்தது என்பதற்குச் சான்று.

தரவை: வாலாந்தரவை. புல் மட்டுமே முளைக்கும் தாழ்ந்த வெளியைத் தரவை என்பர். மழைக்காலத்தில் நீர் தேங்கும். கோடையில் உப்புப் பூக்கும். ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல் நிலமாகப் பயன்படும்.

மடம்: புதுமடம், அக்காள்மடம், தங்கச்சிமடம். பின்னிரண்டும் இராமேசுவரம் தீவில் உள்ளவை. சேது யாத்திரை செல்வோர் தங்குவதற்கு ஏற்படுத்திய மடங்களை ஒட்டி ஊர்கள் வளர்ந்ததை இவ்வகைப் பெயர்கள் நினைவூட்டுகின்றன. அக்காள்மடமும் தங்கச்சிமடமும் சேதுபதி அரச குடும்பத்துச் சகோதரிகள் இருவர் நினைவாக அமைந்தவை என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. மண்டபம் என்னும் ஊர்ப்பெயரும் இவ்வகையினதே.

உச்சிப்புளி என்ற பெயரில் உச்சி, புளி என்னும் இரு சொற்கள் சேர்ந்துள்ளன. புளியமரத்தால் பெயர் பெற்ற ஊர்கள் தமிழகமெங்கும் உள்ளன. வழுதூர் என்ற அண்டை ஊரின் பெயரில் உள்ள வழுதி, பாண்டியரின் பட்டப்பெயர்களுள் ஒன்று.

நிலம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில் களிமண்ணும் கரிசலும் மிகுதி. அம்மண்ணில் நீர் எளிதில் இறங்காது. ஆகவே கரை எழுப்பி மழைநீரைத் தேக்கும் கண்மாய்ப் பாசனம் அங்கே வளர்ந்தது. வைகையாற்றின் நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்வதும் அம்முறையைச் சார்ந்ததே. எஞ்சிய வெள்ளம் வடகிழக்கே ஆற்றங்கரை என்னும் ஊருக்கருகில் கடலில் கலக்கிறது.

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே வரும்போது மண்ணின் நிறம் மாறுகிறது. களிமண் மறைந்து வெளிர் மணல் தொடங்குகிறது. இது கடல் கொண்டுவந்து சேர்த்த மணல். கடல்மட்டம் ஏறி இறங்கிய காலங்களில் அலைகள் கரையோரமாக மணல் திட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குவித்தன. திட்டுகளுக்கு இடைப்பட்ட தாழ்வுகளே இன்றைய தரவைகளும் குளங்களும். மண்டபம் பக்கம் சென்றால் மணலுக்கு அடியில் பவளப்பாறையும் சிப்பிகள் இறுகிய சுண்ணாம்புக் கல்லும் தென்படும். இப்பகுதி ஒருகாலத்தில் ஆழமற்ற கடலடியாக இருந்ததை அவை உணர்த்துகின்றன.

மணலில் நீரைத் தேக்க முடியாது. பெருங்குளம், தாமரைக்குளம் போன்று களி கலந்த தாழ்வான இடங்களில் மட்டுமே குளங்கள் நிலைத்தன. மற்ற இடங்களில் உழவர்கள் நீரை மேலே தேக்காமல் கீழே தேடினார்கள். கண்மாய் நாட்டிற்கும் கிணற்று நாட்டிற்கும் உள்ள எல்லைக்கோடு இவ்வட்டாரத்தின் மேற்கு ஓரமாகச் செல்கிறது எனலாம்.

மணலுக்குள் நன்னீர்

இருபுறமும் உப்புக்கடல் இருக்க, சில முழம் தோண்டினாலே குடிக்கத்தக்க நீர் கிடைப்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். இதன் காரணம் எளிய இயற்பியலில் அடங்கியுள்ளது.

இப்பகுதியின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 3 மாதங்களில் பெய்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். எனவே 800 மில்லிமீட்டர் மழையில் ஓர் ஏக்கர் நிலம் பெறுவது சுமார் 32 லட்சம் லிட்டர். களிமண்ணில் இதில் பெரும்பகுதி வழிந்தோடும். மணலில் ஓடுவது குறைவு, உள்ளே இறங்குவது அதிகம்.

இறங்கிய மழைநீர், மணலுக்கடியில் ஏற்கெனவே பரவியுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால் நன்னீர் கடல்நீருடன் உடனே கலந்துவிடாமல், நடுவில் தடித்தும் இரு கரையோரங்களில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையின் வடிவில் அமைகிறது. இதனை நன்னீர் வில்லை என்பர்.

இதில் ஒரு முக்கியமான கணக்கு உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கொள்கை அளவிலான விதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனை ஒட்டியும் கைபன், எர்சுபர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்ததால் அவர்கள் பெயராலேயே இவ்விதி வழங்குகிறது. இதன் மறுபக்கம் கவனிக்கத்தக்கது. நீரை அளவுமீறி இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், கீழேயுள்ள உப்புநீர் 40 மீட்டர் வரை மேலேறும். மேலே இழப்பது ஒரு பங்கு. கீழே இழப்பது நாற்பது பங்கு.

முன்னோர் இவ்விதியை ஏட்டில் படிக்கவில்லையாயினும் அனுபவத்தில் அறிந்திருந்தனர். ஆழமான கிணறு வெட்டாமல், அகலமான ஆழமற்ற குழிகளைத் தோண்டி ஊறும் நீரை மட்டும் எடுத்தனர். இக்குழிகளை ஊற்று என்பர். மணல் சரியாதபடி சுடுமண் உறைகளையோ பின்னாளில் சிமெந்து உறைகளையோ இறக்கி உறைகிணறு அமைத்தனர். ஓர் ஊற்றில் நீர் உவர்த்தால் அதனைச் சில நாள் ஓய்வாக விட்டு, வேறிடத்தில் ஊற்று தோண்டினர். குடத்தாலும் ஏற்றத்தாலும் இறைத்த காலத்தில் எடுக்கப்பட்ட நீரின் அளவும் சிறியதாகவே இருந்தது.

வரலாறு

பண்டைக்காலம்

இவ்வட்டாரத்தின் வடமேற்கே, வைகை கடலில் கலக்கும் இடத்திற்கு அருகில் அழகன்குளம் உள்ளது. இங்குத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தியது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், உரோமானிய நாணயங்கள், கப்பலின் கோட்டுருவம் கீறப்பட்ட பானை ஓடு ஆகியன கிடைத்தன. சங்க இலக்கியம் குறிப்பிடும் மருங்கூர்ப்பட்டினம் இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையோரம் வெளிநாட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

சேது வழி

காசியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இராமேசுவரம் வந்த யாத்திரிகர்கள் தேவிபட்டினம், திருப்புல்லாணி ஆகிய தலங்களை வழிபட்டுவிட்டு இந்த மணல்வெளியைக் கடந்தே தோணித்துறையை அடைந்தனர். அங்கிருந்து தோணியில் தீவுக்குச் சென்றனர். நிழலும் நீரும் அரிதான இவ்வழியில் சத்திரங்களும் மடங்களும் ஊரணிகளும் தேவைப்பட்டன. அவற்றை ஏற்படுத்திக் காப்பதைச் சேதுபதி மன்னர்கள் தம் கடமையாகக் கொண்டனர். சேதுவின் காவலர் என்பதே அவர்களது பட்டத்தின் பொருள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடைக்கத் தேவர் உடையான் சேதுபதி மதுரை நாயக்கரால் சேது நாட்டின் தலைவராக ஏற்கப்பட்டார். கிழவன் சேதுபதி காலத்தில் தலைநகர் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றப்பட்டது.

வேதாளையும் போர்த்துக்கீசியரும்

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையும் இலங்கைக்குச் செல்லும் கடல்வழியும் போர்த்துக்கீசியரின் கவனத்தை ஈர்த்தன. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் சார்பில் இலங்கைக்குப் புறப்பட்ட மரைக்காயர் கப்பற்படையை, மார்ட்டின் அபோன்சோ டி சோசா தலைமையிலான போர்த்துக்கீசியர் 1538இல் வேதாளையில் தாக்கித் தோற்கடித்தனர். பின்னர் அவர்கள் வேதாளையில் அகழி அமைத்துக் காவல் வைத்து, யாத்திரிகரிடம் வரி பெற முயன்றதால் மோதல் எழுந்தது. 1549இல் நடந்த தாக்குதலில் இயேசு சபைத் துறவி அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். இன்று அமைதியான மீன்பிடி ஊராக உள்ள வேதாளை, இந்தியப் பெருங்கடல் வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறே.

ஆங்கிலேயர் காலம்

1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பதவி நீக்கிச் சிறையிட்டனர். 1803இல் நிலையான வரித்திட்டத்தின்கீழ் சேது நாடு சமீன்தாரி ஆனது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. விடுதலைக்குப்பின், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டது. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்திலேயே தொடர்ந்தது.

இருப்புப்பாதை

வட்டாரத்தின் வாழ்வைப் பெரிதும் மாற்றியது தொடருந்து. மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான மீட்டர் பாதை 1902இல் திறக்கப்பட்டது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி வரை தொடருந்திலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் செல்ல வழி ஏற்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைத்த முகாம் மண்டபத்தில் அமைந்தது. மண்டபம் முகாம் என்ற பெயர் இன்றும் வழங்குவது இதனாலேயே. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் ஏதிலியர் இம்முகாமில் தங்கவைக்கப்பட்டனர். விடுதலை பெற்ற ஆண்டான 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் முன்பு மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது.

உழவருக்குத் தொடருந்தால் கிடைத்த பயன் சந்தை. வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் ஆகிய நிலையங்கள் வழியாகத் தேங்காயும் கருப்பட்டியும் ஓலைப்பொருள்களும் வெளியூர் செல்வது எளிதாயிற்று.

1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டாலும், தனுஷ்கோடிக்கான பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. இலங்கைக்குச் செல்லும் வழியாக இருந்த இந்நிலம், பின்னாளில் பெரும்பாலும் இராமேசுவரம் யாத்திரைக்கான வழியாகச் சுருங்கியது. 1988 அக்டோபர் 2இல் பாம்பன் சாலைப்பாலம் திறக்கப்பட்டது. 2007இல் இருப்புப்பாதை அகலப்பாதை ஆனது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது.

வேளாண்மை

பனை

இம்மணலின் முதற்பயிர் பனையே. நீர் ஊற்றாமல், உரம் இடாமல் வளரும். உப்புக்காற்றைத் தாங்கும். வேர்கள் மணலை இறுக்கிப் பிடிக்கும். பாளையைச் சீவிக் கலயம் கட்டிப் பதநீர் இறக்குவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளிக்காது. பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஓலையில் பாய், பெட்டி, கொட்டான், விசிறி முடைவர். விழுந்த பனங்கொட்டைகளை மணலில் புதைத்து வைத்தால் பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு கிடைக்கும். மணல் இளக்கமாக இருப்பதால் கிழங்கு நேராக நீண்டு வளரும், பிடுங்குவதும் எளிது. பனை ஏறுவோர் குறைந்துவரும் இன்று, நிற்கும் மரங்கள் இருந்தும் பதநீர் இறங்காத தோப்புகள் பெருகிவருகின்றன.

தென்னை

நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் தென்னை செழிக்கிறது. தென்னை ஓரளவு உவர்ப்பைத் தாங்கும். ஆனால் நீர் தொடர்ந்து உவர்த்தால் காய் சிறுத்து, குரும்பைகள் உதிரும். தேங்காய் மட்டுமன்றி ஓலையும் வருவாய் தருகிறது. ஓலையை நீரில் ஊறவைத்துப் பின்னும் கீற்றை இங்குக் கிடுகு என்பர். கிடுகு பின்னுதல் பெரும்பாலும் பெண்கள் செய்யும் தொழில். கூரைக்கும் வேலிக்கும் கடலோரக் கொட்டகைகளுக்கும் கிடுகு பயன்படுகிறது.

மல்லிகை நாற்று

தமிழகத்தில் மல்லிகை என்றால் மதுரை நினைவுக்கு வரும். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அம்மல்லிகைத் தோட்டங்களில் நடப்படும் நாற்றுகளின் தாயகம் இந்த மணல்வெளி என்பதைப் பலர் அறியார். தங்கச்சிமடத்திலும் மண்டபம் ஒன்றியத்தின் மணற்பாங்கான ஊர்களிலும் உருவாகும் நாற்றுகள் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் செல்கின்றன. குண்டுமல்லி வகைகளுள் இராமநாதபுரம் என்ற பெயரிலேயே ஒரு வகை வழங்குகிறது.

குண்டுமல்லியை விதையால் பெருக்குவதில்லை. முற்றாத, மிக இளசும் அல்லாத தண்டைக் குச்சிகளாக நறுக்கி, மணற்பாத்தியில் நெருக்கமாக நட்டு, நாள்தோறும் நீர் தெளிப்பர். சில மாதங்களில் வேர்விட்டுத் துளிர்க்கும். பின்னர்ப் பிடுங்கிக் கட்டுகளாகக் கட்டி அனுப்புவர்.

இத்தொழில் இங்கு வேரூன்றியதற்கு மணலின் மூன்று இயல்புகள் காரணம். முதலாவது, மணலில் நீர் தேங்காததால் குச்சியின் அடி அழுகாது. இரண்டாவது, மணற்துகள்களுக்கிடையே காற்று இருப்பதால் வேர் விரைவில் பிடிக்கும். மூன்றாவது, பிடுங்கும்போது மணல் உதிர்ந்துவிடுவதால் வேர் அறுபடாது, கட்டின் எடையும் கூடாது. இவற்றோடு நாள்தோறும் தெளிக்க உப்பில்லாத நீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடைக்கவேண்டும். தென்னை பொறுக்கும் உவர்ப்பை மல்லிகைக் குச்சி பொறுக்காது. ஆகவே நாற்றுப்பாத்தி உள்ள இடம் நல்ல நீர் உள்ள இடம் எனக் கொள்ளலாம்.

மல்லிகையை 1.25 மீட்டர் இடைவெளியில் நடுவது பரிந்துரை. அக்கணக்கில் ஓர் எக்டேருக்கு 6,400 நாற்றுகளும், ஓர் ஏக்கருக்குச் சுமார் 2,590 நாற்றுகளும் தேவை. தொலைதூர மாவட்டம் ஒன்றில் ஒருவர் ஓர் ஏக்கரில் மல்லிகைத் தோட்டம் தொடங்கினால், இங்கே சில பாத்திகள் காலியாகும். நாற்று வேலையில் குச்சி நறுக்குதல், நடுதல், நீர் தெளித்தல், களையெடுத்தல், கட்டுதல் ஆகிய அனைத்தும் கையால் செய்யப்படுவதால், சிறிய நிலத்திலும் பலருக்கு வேலை கிடைக்கிறது.

நெல்லும் பிறவும்

களி கலந்த தாழ்நிலங்களில் மழையை நம்பி நெல் விதைக்கின்றனர். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு, பெய்யும் மழையில் முளைக்கவிடுவது இம்மாவட்டத்தின் பொதுவான முறை. அறுவடை பொங்கலை ஒட்டி அமையும். வீட்டுத் தோட்டங்களில் முருங்கையும் காய்கறிகளும் பயிராகின்றன.

கடல்சார் தொழில்களும் பிற நிறுவனங்களும்

உழவோடு கடல்தொழிலும் இவ்வட்டாரத்தின் இரண்டாவது கால். ஒரே குடும்பத்தில் ஒருவர் தோட்டத்திலும் மற்றொருவர் கடலிலும் உழைப்பது இயல்பு. தென்கடலின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. கடல்பாசி சேகரித்தலும் வளர்த்தலும் கரையோரப் பெண்கள் பலருக்கு வாழ்வாதாரம்.

உச்சிப்புளியில் இந்தியக் கடற்படையின் வானூர்தித் தளம் உள்ளது. 2009இல் இதற்கு ஐ.என்.எஸ். பருந்து எனப் பெயரிடப்பட்டது. வழுதூரில் இயற்கை எரிவாயுவால் இயங்கும் மின்நிலையம் உள்ளது.

இன்றைய சிக்கல்கள்

இவ்வட்டாரத்தில் உழவு நீடிப்பது நன்னீர் வில்லை நீடிப்பதைப் பொறுத்தது. அதனைப் பாதிக்கும் காரணங்கள் பல.

மின்மோட்டார் வந்தபின் இறைப்பின் அளவு பன்மடங்காயிற்று. ஆழ்துளைக் கிணறுகள் வில்லையின் அடிப்பகுதியைத் தொடுவதால், அவை முதலில் இழுப்பது கீழேயுள்ள உப்புநீரையே. ஒரு தோட்டத்தின் ஆழ்துளைக் கிணறு அண்டைத் தோட்டத்தின் ஆழமற்ற கிணற்றையும் உவர்க்கச் செய்யும். உவர்த்த கிணறு மழை நின்றபின் தானாகத் தேறிவிடாது. பல நல்ல பருவங்கள் தொடர்ந்து பெய்தால்தான் உப்பு மெல்லக் கீழிறங்கும்.

மணல் திட்டுகளை அள்ளிச் சமப்படுத்துவது மற்றொரு காரணம். திட்டின் உயரம் குறைந்தால் அதனுள் நிற்கும் நீரின் உயரமும் குறையும். முன்பு கூறிய 1க்கு 40 என்ற கணக்கு இங்கும் பொருந்தும். நெடுஞ்சாலையை ஒட்டிய தென்னந்தோப்புகள் மனைகளாக மாறும்போது, மழைநீர் இறங்கும் பரப்பும் சிமெந்துத் தளத்தால் மூடப்படுகிறது.

1990களில் தமிழகக் கடலோரமெங்கும் பரவிய இறால் பண்ணைகள் நிலத்தின்மேல் உப்புநீரைத் தேக்கின. மணலில் அது நேராகக் கீழே இறங்கி நன்னீரைக் கெடுக்கும். காந்தியவாதி எஸ். ஜெகநாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது.

தரவைகளையும் தரிசுகளையும் சீமைக்கருவேலம் மூடிவருகிறது. அது விறகும் கரியும் தருவதால் பலருக்குப் பயன்படினும், மேய்ச்சல் நிலத்தைக் குறைக்கிறது.

குடிநீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது பெரிய ஆறுதல். எனினும் அதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. குழாயில் காவிரி நீர் வருவதால், ஊரணியைத் தூர்வாரவும் காக்கவும் வேண்டும் என்ற எண்ணம் தளர்ந்துவிட்டது. குழாய்நீர் வீட்டுக்குப் போதும். மல்லிகைப் பாத்திக்கும் தென்னைக்கும் அது வராது.

பாதுகாக்கும் வழிகள்

ஆழமற்ற அகன்ற கிணறுகளில் சிறிது சிறிதாகப் பல இடங்களில் இறைப்பதே இந்நிலத்துக்கு ஏற்ற முறை. சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்தால் இறைப்பு குறையும். ஊரணிகளையும் திட்டுகளுக்கு இடைப்பட்ட தாழ்வுகளையும் தூர்வாரி வைத்தால், 3 மாத மழையில் கூடுதலான பங்கு நிலத்துக்குள் செல்லும். கரையோர மணல் திட்டுகளில் பனை நடுவது காற்றையும் அரிப்பையும் ஒருங்கே தடுக்கும்.

பள்ளி மாணவர்கள் செய்யத்தக்க எளிய ஆய்வு ஒன்றும் உண்டு. ஊரின் வடகரையிலிருந்து தென்கரை வரை ஒரே நேர்க்கோட்டில் ஏழெட்டுக் கிணறுகளைத் தேர்ந்துகொண்டு, மாதந்தோறும் ஒரே நாளில் கயிறு இறக்கி நீர்மட்டத்தை அளந்து, நீரின் உவர்ப்பையும் கருவியால் குறித்து வரவேண்டும். ஓராண்டுக் குறிப்புகளை வரைபடமாக்கினால், நன்னீர் வில்லை மழையில் தடிப்பதும் கோடையில் மெலிவதும் கண்ணெதிரே தெரியும். எந்தக் கிணற்றில் உவர்ப்பு முதலில் ஏறுகிறது என்பதும் தெரியவரும். அக்கிணற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இறைப்பைக் குறைக்க வேண்டிய காலத்தை ஊரார் முன்கூட்டியே அறிந்துகொள்ள அது உதவும்.